கோதண்டத்தின் சுருதிப்பெட்டி

"என்னால ஆகாது டீச்சர். அந்தப் பையன் என் சுருதியைக் கலைக்கிறான்."

இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவர் கோதண்டம். கச்சேரி மேடையிலேயே தலை நரைத்தவர். முன்வரிசையில் யாராவது இருமினால்கூடப் பாட்டை நிறுத்திவிட்டு முறைப்பார். அப்படிப்பட்ட மனுஷன்.

"டீச்சர்" என்றது பர்வீனை. அவருடைய மகள் வயசுதான் இருக்கும். பாட்டையும் தாளத்தையும் வைத்துக் குழந்தைகளுக்குச் சிகிச்சை கொடுக்கிறவள். அந்த வேலையைக் கற்றுக்கொள்ளத்தான் அவளிடம் வந்து சேர்ந்திருந்தார். வந்த இடத்தில் வாய்த்தான் சர்வேஷ்.

சர்வேஷுக்கு ஒன்பது வயசு. பேச்சு கிடையாது. யார் முகத்தையும் பார்க்க மாட்டான், பெற்றவள் முகத்தைக்கூட. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து "ம்ம்ம்..." என்று முனகுவான். நாள் முழுக்க அதே முனகல்தான்.

"ஒரே ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தான்னா போதும் ஐயா. வேற எதுவும் கேக்கலை."

அவன் அம்மா கோதண்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள். அந்த அழுகை அவர் மனசை விட்டுப் போகவில்லை. இத்தனை கோபமும் அதனால்தான்.

"தலையால தண்ணி குடிச்சுப் பார்த்துட்டேன்," என்றார். "பாடாத ராகமில்லை. நான் பாடினா அவன் இன்னும் சத்தமா முனகறான். அது நின்னாத்தானே என் பாட்டு அவன் காதுல விழும்?"

"நிறுத்தச் சொன்னீங்களா?"

"சொன்னேன். அதட்டியும் பார்த்தேன்." குரல் இறங்கிப்போனது. "காதைப் பொத்திக்கிட்டான், பாவம்."

பர்வீன் எழுந்து சர்வேஷ் இருந்த அறைக்குப் போனாள். கோதண்டமும் பின்னாலேயே போனார்.

சர்வேஷ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தான். மூலையில் அவன் அம்மா. பாய்மேல் கோதண்டத்தின் சுருதிப்பெட்டி அது பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது.

பர்வீன் அதை நிறுத்தினாள். எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"அட, அதை எங்கே கொண்டுபோறீங்க? சுருதி இல்லாம எப்படிப் பாடறது?"

"அதான் ஒண்ணு உட்கார்ந்திருக்கே."

பையனைக் காட்டிவிட்டுப் போயே போய்விட்டாள்.

"நல்ல டீச்சர் வாய்ச்சாங்க எனக்கு!" என்று கதவைப் பார்த்து முணுமுணுத்தார் கோதண்டம்.

பெட்டி நின்ற பிறகு அறையில் அந்த முனகல் மட்டும்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் அதைக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. அடப்பாவி! பிள்ளை இம்மிகூட விலகாமல் ஒரே ஸ்வரத்தில் நிற்கிறானே!

பாயில் உட்கார்ந்தார். அந்த முனகலையே சுருதியாக வைத்துக்கொண்டு மெல்லப் பாட ஆரம்பித்தார்.

அது அவர் குரலுக்கு ஒத்துவராத உயரம். கொஞ்சம் மேலே போனதுமே குரல் பிசிறியது. மேடையாக இருந்தால் மானம் போயிருக்கும். பிசிறினால் பிசிறட்டும் என்று பாடினார்.

முனகல் இந்தத் தடவை உரக்கவில்லை.

மூச்சு வாங்கியது, நிறுத்தினார். முனகலும் நின்றது.

சர்வேஷ் திரும்பினான். கோதண்டத்தின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான். அப்புறம் அவரைத் தாண்டி, மூலையில் இருந்த அம்மாவைப் பார்த்தான்.

"ம்ம்?"

கோதண்டம் விட்ட இடத்திலிருந்து எடுத்தார். பையனும் சேர்ந்துகொண்டான்.

"ஐயா! என்னைப் பார்த்தான் ஐயா! என் பிள்ளை என்னைப் பார்த்துட்டான்!" என்று ஓவென்று அழுதாள் அம்மா.

கோதண்டம் பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பினார். முன்வரிசைக்காரர்களைப் பார்க்கிற அதே முறைப்பு. ஆனால் கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஷ்! மெதுவாம்மா, மெதுவா. சுருதி கலையுது."