தணிகாசலத்தின் இரண்டு பட்டியல்கள்

சர்க்கரை நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் ஊருக்கு ஓர் இணையதளம் வைத்திருந்தார்கள். தலைமை என்று யாரும் இல்லை. ஒரு தளத்தில் எழுதுவது மற்ற தளங்களிலும் தெரியும். பிடிக்காவிட்டால் ஒரு தளம் இன்னொன்றைத் துண்டித்துவிடலாம்.

திருப்பத்தூர் தளத்தைப் பார்த்துக்கொண்டவர் தணிகாசலம், ஓய்வுபெற்ற சார்பதிவாளர். அவருக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஆம்பூர் தளத்தை நடத்தும் மெஹருன்னிசா. அவரைவிட இருபத்தெட்டு வயது இளையவர்.

ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம் தன் பதிவேட்டோடு ஆம்பூர் போனார்.

"திங்கட்கிழமை தருமபுரி தளத்தைத் துண்டிச்சுட்டேம்மா. சரிதானே?"

"என்ன நடந்துச்சு ஐயா?"

"அங்க ஒருத்தன் இன்சுலினை நிறுத்திட்டு வேர்ப்பொடி குடுக்கச் சொல்லி எழுதியிருக்கான். குழந்தைங்க உயிராச்சே. மொத்தமா மூடிட்டேன்."

"உங்க ஊர் சம்பங்கியும் போன மாசம் அதே பொடியைப் பத்தி எழுதினாரே?"

"சம்பங்கி நல்ல மனுஷன்மா. யாரோ சொன்னதை நம்பிட்டான். போன் போட்டுத் திட்டினேன், அழிச்சுட்டான்."

"எழுதி வச்சிருக்கீங்களா?"

"சார்பதிவாளர்கிட்ட கேட்கிற கேள்வியா இது?"

பதிவேட்டின் முன்பக்கத்தில் 'நம்மவர்' என்று தலைப்பு. 'சம்பங்கி: அறியாமல் செய்தது. எச்சரிக்கப்பட்டார்.' நோட்டைத் திருப்பினால் பின்பக்கத்தில் 'வெளியார்'. 'தருமபுரி: விஷமத்தனம். துண்டிக்கப்பட்டது.'

இரண்டையும் படித்துவிட்டு மெஹருன்னிசா சொன்னார்:

"புதன்கிழமை அரூர்ல ஒரு அம்மா தருமபுரி தளத்துல எழுதியிருந்தாங்க. மகளுக்கு இன்சுலின் தீர்ந்துபோச்சு, பக்கத்துல யார்கிட்டயாவது இருக்கான்னு."

"நான் பார்க்கலையே."

"எப்படிப் பார்ப்பீங்க?"

தணிகாசலம் நிமிர்ந்தார். "சம்பங்கி வீட்டு ஃப்ரிட்ஜ்லயே ரெண்டு பாட்டில் கூடுதலா இருக்கேம்மா. ஒரு மணி நேரத்துல கொண்டுபோயிருப்பானே. அந்தப் பொண்ணு?"

"இங்கேருந்து ஆள் அனுப்பினோம். போய்ச் சேர்றதுக்குள்ள ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க. நேத்துதான் வீட்டுக்கு வந்தா."

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"இப்ப நான் என்னம்மா பண்ண? தருமபுரியைத் திறக்கவா, இல்ல சம்பங்கியையும் வெளியே அனுப்பவா?"

"அது உங்க தளம் ஐயா. நீங்கதான் முடிவு பண்ணணும்."

மெஹருன்னிசா பதிவேட்டின் நடுவில் எழுதாத தாள் ஒன்றைத் திறந்து, பேனாவை அதன்மேல் வைத்தார்.

"ஆனா, ரெண்டு பேரையும் ஒரே பக்கத்துல எழுதுங்க."