எடுத்த புத்தகத்தில் இல்லாத பக்கம்

கேட்டுக்கொண்டே வாருங்கள். கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

வாகைக்குடிக் கடைத்தெருவில் ஒரு மாடி முழுக்கப் பர்மியப் புத்தகசாலை. பர்மாவில் அரிசி ஆலை வைத்திருந்து ஊர் திரும்பிய செட்டியார் ஒருவர் சேர்த்தது. நெல் விவசாயம், வைத்தியம், சட்டம், பழைய பத்திரிகை என்று சுவர் கொள்ளாத புத்தகம், அத்தனையும் பர்மிய மொழி. இந்தப் பக்கத்தில் வேறெங்கும் கிடைக்காது என்று ஆராய்ச்சிக்காரர்கள் எங்கிருந்தெல்லாமோ தேடி வருவார்கள்.

செட்டியார் கண்ணை மூடும் முன்னால் ஓர் ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். வருஷா வருஷம் அவர் திதியன்று, அவருடைய வாரிசு ஏதாவது ஒரு புத்தகத்தை உருவிக் கொடுக்க வேண்டும். ஊரில் குடியிருக்கிற யாராவது அதில் ஒரு பக்கம் உரக்க வாசிக்க வேண்டும். வாசித்தால் அந்த வருஷச் செலவுக்கு அறக்கட்டளை பணம் தரும். வாசிக்க ஆளில்லை என்றால் அன்றோடு சரி, புத்தகசாலையைப் பூட்டிவிட வேண்டும், பணம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். ஊரில் ஒருத்தருக்கும் படிக்கத் தெரியாத புத்தகத்தை யாருக்காகக் காப்பது என்பது அவர் நினைப்பு.

பர்மாவிலிருந்து அகதியாக வந்தவர்கள் நிறைந்திருந்த காலத்தில் நான் வாசிக்கிறேன், நான் வாசிக்கிறேன் என்று சண்டையே நடக்கும். ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்து, மிஞ்சியவள் அஞ்சலையம்மாள் ஒருத்திதான். பர்மாவின் மோல்மீனில் பள்ளிக்கூடம் போனவள். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் அத்தோ கடை போட்டிருந்தாள். நூடுல்ஸில் முட்டைக்கோஸும் பொரித்த வெங்காயமும் போட்டு, புளித்தண்ணீர் விட்டுக் கையாலேயே பிசைந்து தருவாள்.

அவளுக்குக் கண் மங்கத் தொடங்கியது. போனது திரும்பாது, இருப்பதும் போய்க்கொண்டே இருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நூலகர் இன்பசேகரன் பதறிக்கொண்டு கடைக்கு ஓடினார்.

"எதுக்கு இப்படி மூச்சு வாங்குற? இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கு. சாயங்காலம் வந்து உட்காரு, சொல்லித் தர்றேன். முப்பத்திமூணு எழுத்துதான். எல்லாம் வளையல் மாதிரி உருண்டை. உன் மண்டைக்குக்கூட ஏறும்."

"இந்த வயசுல எனக்கா அத்தை? இருக்கிற வேலைக்கே நேரம் பத்தல. நீங்க ஒரே ஒரு பக்கத்தை மனப்பாடம் பண்ணிடுங்க, அது போதும். மத்ததை நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொள்ளத்தான் செய்தார். செட்டியாரின் பேரன் சாத்தப்பன் அவசரக்காரர், வாசலருகே கைக்கு எட்டியதைத்தான் உருவுவார். அந்தத் தட்டில் ஒரு சிவப்பு அட்டைப் பாடப்புத்தகத்தை இன்பசேகரன் அரை விரல் வெளியே நீட்டி வைத்தார். ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தி விரித்து, யார் எடுத்தாலும் அவள் மனப்பாடம் செய்த பக்கத்திலேயே திறக்கும்படி அதைப் பழக்கியும் வைத்தார். இரண்டு வருஷம் தப்பித்தது. அதற்குள் அஞ்சலையம்மாளுக்குச் சுத்தமாகப் பார்வை போயிற்று. கடை வேலையெல்லாம் கைப்பழக்கத்திலேயே நடந்ததால் ஊருக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வருஷம் தூத்துக்குடியிலிருந்து ரெஜினா என்ற பெண் வந்திருந்தாள். பர்மிய மொழி முறையாகப் படித்தவள். நெல்லைப் பற்றிய அவள் ஆராய்ச்சிக்கு இந்த மாடியை விட்டால் போக்கில்லை, பாதிதான் முடிந்திருந்தது. வாசல் தட்டில் சட்டப் புத்தகங்களுக்கு நடுவே ஒரு பாடப்புத்தகம் துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தவள், யாரோ மாற்றிச் செருகிவிட்டார்கள் என்று அதை எடுத்து உரிய இடத்தில் வைத்தாள்.

திதியன்று சாத்தப்பன் வந்தார், கைக்குக் கிடைத்ததை உருவினார், அஞ்சலையம்மாளின் மடியில் வைத்தார். அட்டை சிவப்பு இல்லை என்பதை இன்பசேகரன் பார்த்துவிட்டார். அவளோ புத்தகத்தை விரித்து, வரி மேல் விரலை ஓட்டி, தடங்கலே இல்லாமல் சொல்லி முடித்தாள்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு ஆச்சி. என்னன்னுதான் விளங்கல" என்ற சாத்தப்பன், ரெஜினா பக்கம் திரும்பினார். "நீங்க படிச்ச பொண்ணு. ஆச்சி சொன்னதுக்கு என்னம்மா அர்த்தம்?"

அவர் முதுகுக்குப் பின்னால் இன்பசேகரன் கை கூப்பிக்கொண்டு நின்றார். ரெஜினா அதைப் பார்த்தாள்.

"மழையைப் பத்திச் சொன்னாங்க சார்." மடியிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். "ஆனா இது சட்டப் புத்தகம். இதுல அது இல்ல."

அஞ்சலையம்மாள் புத்தகத்தை மூடினாள். "குருடி வாசிச்சா அப்படித்தான் தம்பி. மழை எந்தப் புத்தகத்துல வேணாலும் பெய்யும்."

சாத்தப்பன் சிரிக்கவில்லை. பூட்டுவதில் அவருக்கும் சந்தோஷமில்லை. "ரெஜினா, நீங்க வாசிக்..." என்று ஆரம்பித்து, அவளுக்கு இந்த ஊரில்லை என்பது ஞாபகம் வந்து நிறுத்தினார். பிறகு இன்பசேகரனிடம் புத்தகத்தை நீட்டினார். "சார், நீங்க எத்தனையோ வருஷமா இங்கேயேதானே இருக்கீங்க. ஒரு பக்கம் வாசிங்க. முடிச்சுக்கலாம்."

இன்பசேகரன் இரண்டு கையாலும் வாங்கினார். விரித்தார். அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாரமே மாடி பூட்டப்பட்டது. அன்று முதல் ஊரே ரெஜினாவைத் திட்டுகிறது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியிருந்தால் பொய்யும் இல்லை, பூட்டும் இல்லையாம்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கண்ணில்லாமல் வாசித்தாள் ஒருத்தி. புத்தகத்தைக் காப்பாற்ற அவளை அப்படி வாசிக்க வைத்தார் ஒருவர். தன் ஆராய்ச்சியே போகும் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்னாள் இன்னொருத்தி. தாத்தா சொன்ன சொல்லை மீறவில்லை பேரன். இதில் யார் செய்தது சரி?

விடை: ரெஜினா செய்ததுதான் சரி. அவள் வாயை மூடியிருந்தால் அடுத்த வருஷமும் அதே மழை, அதற்கடுத்த வருஷமும் அதே மழை. அத்தனை புத்தகத்தையும் அந்த ஒரே பக்கமாகச் சுருக்கியது அவள் இல்லை. கற்றுத் தருகிறேன் என்று ஒருத்தி கூப்பிட்டபோது, பாவம், அந்தப் புத்தகங்களை உயிராக நினைத்த மனுஷர்தான் நேரமில்லை என்றார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சரி, யார் செய்தது சரி என்று கண்டுபிடித்தாயிற்று. மாடியில் பூட்டு அப்படியேதான் தொங்குகிறது.