ஊற்றுக்கு நடுவில் வைக்க ஒரு கல்

சடையப்பருக்கு அறுபது தாண்டிவிட்டது. அவருடைய குரு மங்கையம்மைக்கு நாற்பதுகூட இல்லை. அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவருடைய கவலை வேறு.

அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் நாகலிங்கம். இளையவன் சொக்கன். தாய் இறந்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. சொக்கன் வெளியூரிலிருந்து வந்து சேர்வதற்குள் நாகலிங்கம் கொள்ளி வைத்துவிட்டான். சண்டை அவ்வளவுதான். ஆனால் ஆறவில்லை.

விடிந்தால் சொக்கனுக்குக் கப்பல். இனித் திரும்பப்போவதில்லை என்று சொல்லிவிட்டான். அன்று சாயங்காலம் இருவரும் மங்கையம்மையின் மடத்துக்கு வருவதாக ஒத்துக்கொண்டிருந்தார்கள். அதை விட்டால் வேறு நாள் கிடையாது.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். முற்றத்தில் வட்டமாக ஒரு நீர்த்தொட்டி. வெளியே முழங்கால் உயரச் சுவர், உள்ளே இடுப்பளவு ஆழம். மலைச்சுனைத் தண்ணீர் குழாய் வழியாக வந்து நடுவில் ஊற்றாகப் பொங்கும். பகைத்துக்கொண்டவர்கள் தொட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் என்று தரையில் உட்கார வேண்டும். தீர்கிறவரை எழுந்திருக்கக் கூடாது. நடுவர் கிடையாது.

ஊற்றின் வாயில் இருந்த பழைய கல் விரிசல் விட்டிருந்தது. புதுசு எது என்று முடிவுசெய்யும் வேலையை மங்கையம்மை சடையப்பரிடம் கொடுத்திருந்தார். சிற்பி மூன்றைக் கொண்டுவந்து இறக்கினார். ஒன்று கையகலத் தாமரை மொட்டு. இன்னொன்று முழங்கால் உயர அன்னம். மூன்றாவது ஆளைவிட உயரம். கல் கிண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் ஒரு கும்பம்.

“எது பொருத்தமா இருக்கும் அம்மா?”

“இன்று யார் இங்கே உட்காரப்போகிறார்கள்?”

“என் பிள்ளைங்க.”

“அவர்களை நினைத்துக்கொண்டு பாருங்கள்.”

சடையப்பர் தொட்டியைச் சுற்றி நடந்தார். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நின்றேதான் பார்த்தார்.

“கும்பத்தை ஏத்துங்க” என்றார்.

சிற்பிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ஐயா, இது கோயில் குளத்துக்குன்னு செஞ்சது. இங்க வச்சா சோத்துப்பானைக்குள்ள உலக்கையை நட்ட மாதிரி இருக்கும்.”

“இருக்கட்டும். சண்டை போட வர்றவன் இதைப் பார்த்ததும் வாயடைச்சுப் போகணும்.”

சிற்பி மங்கையம்மையைப் பார்த்தார். அவர் முற்றத்து ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். ஏற்றினார்கள். தண்ணீரைத் திறந்தார்கள். கும்பத்திலிருந்து கிண்ணம் கிண்ணமாக விழுந்து தண்ணீர் இரைந்தது.

மகன்கள் வந்தார்கள். ஒருவன் கிழக்குப் பக்கம் உட்கார்ந்தான், ஒருவன் மேற்குப் பக்கம். வாயடைத்துப் போனார்கள், உண்மைதான். நடுவில் கல்லும் தண்ணீரும் தவிர எதுவும் தெரியவில்லை.

“அப்பா, அவன் வந்துட்டானா?” என்றான் நாகலிங்கம்.

“எதிர்ல தானடா இருக்கான்.”

“சாப்பிட்டானான்னு கேளுங்க.”

சடையப்பர் தொட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடினார். “அண்ணன் ஆசையாக் கேக்கறான்டா, சாப்பிட்டியான்னு.”

“ஆசையாவா?” சொக்கன் உதட்டைச் சுழித்தான். “ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதான்னு அவர்கிட்ட கேளுங்கப்பா.”

சடையப்பர் மறுபடி சுற்றி வந்தார். “தம்பிக்கு மனசு கேக்கலையாம். அம்மாவை நினைச்சுக்கிட்டே இருக்கானாம்.”

“அதையா சொன்னான்?”

“அதேதான்.”

இப்படியே போனது. போகும்போது ஒரு வார்த்தை, வரும்போது வேறு வார்த்தை. தண்ணீர் இரைச்சலில் மகன்கள் கத்த ஆரம்பித்தார்கள். கத்தினால் எல்லாமே திட்டு மாதிரித்தான் கேட்கும்.

“என்னப்பா முணுமுணுக்கறான்? சத்தமாச் சொல்லச் சொல்லுங்க!”

“சத்தமாவே சொல்றேன்! எனக்காக ஒரு நாள் பூரா காத்திருந்து அழுதாராமே, அந்த அழுகையை யார் பார்த்தாங்க?”

“நான் எப்படா அழுதேன்? யார் சொன்னது?”

சொக்கன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

“அப்பா சொன்னார்” என்றான்.

“அழ எனக்கு நேரம் எங்க இருந்துச்சு? நீ மட்டும் யோக்கியமா? வருஷா வருஷம் மன்னிச்சிடுன்னு மாம்பழக் கூடை அனுப்புறே, நேர்ல வந்தா மூஞ்சியத் திருப்பிக்கறே!”

“எந்த மாம்பழம்?”

“நீ அனுப்பின மாம்பழம்!”

“நான் உங்களுக்கு ஒரு கொட்டைகூட அனுப்பினதில்லை!”

சடையப்பர் தொட்டிக்கு வடக்கே, இருவருக்கும் நடுவழியில் நின்றுவிட்டார். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை.

“அப்போ தீபாவளிக்கு எனக்கு வந்த வேட்டி?” என்றான் சொக்கன்.

“நான் வேட்டி எடுத்தா உனக்கு எதுக்குடா எடுக்கறேன்?”

“அப்பா!” இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது.

சொக்கன் ஒரு முழங்காலை ஊன்றினான். “நான் கிளம்பறேன். துறைமுகத்துலயே படுத்துக்கறேன்.”

மங்கையம்மை எழுந்து போய்க் குழாயை அடைத்தார். இரைச்சல் நின்றது. சொக்கன் ஊன்றிய முழங்காலோடு அப்படியே இருந்தான்.

“கல்லைக் கழற்றுங்கள்” என்றார்.

சடையப்பர் குறுக்கே வந்தார். “வேணாம் அம்மா. பார்த்துக்கிட்டா அடிச்சுக்குவாங்க.”

“கழற்றுங்கள்.”

சிற்பியும் சடையப்பரும் தண்ணீரில் இறங்கினார்கள். கும்பம் முதலில் வந்தது. பிறகு கிண்ணங்கள். ஒவ்வொன்றையும் சிற்பியின் ஆட்கள் வாங்கி வெளியே வைத்தார்கள். கடைசிக் கிண்ணத்தோடு சிற்பியும் ஏறிவிட்டார். சடையப்பர் ஏறவில்லை. கல் நின்ற இடத்தில் அவர் நின்றார். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டார்.

“நான் இங்கயே நிக்கறேன். இதுதான் நல்லது.”

“அப்பா, அவர்கிட்ட கேளுங்க—”

“அப்பா, அவன்கிட்ட சொல்லுங்க—”

“சடையப்பரே, உட்காருங்கள்” என்றார் மங்கையம்மை.

“தண்ணியிலயா?”

“தண்ணீரில்தான்.”

உட்கார்ந்தார். தண்ணீர் கழுத்துவரை வந்தது. தலை மட்டும் நடுவில் நின்றது. நாகலிங்கம் எட்டிப் பார்க்க ஒரு பக்கம் சாய்ந்தான். சடையப்பரின் தலையும் அந்தப் பக்கமே சாய்ந்தது. சொக்கன் சாய்ந்தான். தலை அந்தப் பக்கம் போனது.

“இன்னும் கீழே” என்றார் மங்கையம்மை.

“இதுக்கு மேல எவ்வளவும்மா?”

“அப்பா என்று கூப்பிடாமல் அவர்கள் பேசுகிற வரைக்கும்.”

சடையப்பர் கால்களை நீட்டிக்கொண்டு சரிந்தார். தண்ணீர் மோவாயில் ஏறியது. கீழுதட்டைத் தொட்டது. குளிரில் அவருடைய பற்கள் கிட்டித்துக்கொண்டன.

சொக்கன் அண்ணனைப் பார்த்தான். நாகலிங்கத்தின் தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. அந்த நரையைப் பற்றி யாரும் அவனிடம் சொன்னதில்லை. ஊன்றிய முழங்காலை மெதுவாக மடக்கி உட்கார்ந்தான்.

“அண்ணே.”

நாகலிங்கம் நிமிர்ந்தான்.

“கடைசியில அம்மா என்னைக் கேட்டாங்களா?”

நாகலிங்கம் தரையைப் பார்த்தான். மறுபடி தம்பியைப் பார்த்தான். வாசலில் சொக்கனைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகக் காத்திருந்த வண்டிக்காரன் ஒருமுறை குரல் கொடுத்துவிட்டு அடங்கினான். சொக்கன் திரும்பிப் பார்க்கவில்லை.

பதில் சடையப்பருக்குத் தெரியும். அதைவிட நல்லதாக இன்னொரு பதிலும் அவரிடம் தயாராக இருந்தது. அவர் மோவாயைத் தூக்கினார்.

“வாயைத் திறக்காதீர்கள், சடையப்பரே” என்றார் மங்கையம்மை. “தண்ணீர் உள்ளே போய்விடும்.”