ஓடக்காரி சீராயியும் மன்னர் மீசையும்

முன்னொரு காலத்தில் வெண்ணாவல் நாட்டைச் சிலம்பாதித்தன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. வழக்குக் கேட்டுச் சலித்துப்போய் ஒருநாள் சட்டம் போட்டான்: "இனி யார் வாய்ச்சொல்லும் செல்லாது. வீட்டுக்கு ஒரு செப்பு முத்திரை. அது பதிந்த ஓலை எதுவோ, அதுவே உண்மை!"

சட்டத்தை நடத்தும் பொறுப்பை, அரண்மனை ஓலைகளைக் கவனிக்கும் ஓலைநாயகம் தாண்டவராயர் கெஞ்சி வாங்கிக்கொண்டார். அமைச்சர் நல்லாதனாரின் செல்வாக்கைக் கண்டு நாள்தோறும் வயிறெரிந்தவர் அவர்.

ஆற்றங்கரையில் சீராயி என்றொரு ஓடக்காரி. புருஷன் போன பிறகு பன்னிரண்டு வருஷமாகத் தன் தோள்வலியை நம்பி ஓடத்துறையை நடத்தியவள். ஒரு காலையில் துறைக்குப் போனால், தாண்டவராயரின் மைத்துனன் துடுப்போடு நிற்கிறான்.

"துறையை எழுதிக் கொடுத்துட்டு இங்கே என்ன வேலை? போ, போ!"

அழுத கண்ணோடு சபைக்கு ஓடினாள். "நான் எதுவும் எழுதலை, ராசா! யாரோ என் பேரைத் திருடிட்டான்!"

தாண்டவராயர் ஓலையை விரித்தார். "'சீராயி ஆகிய நான் துறையை மனமுவந்து விட்டுக்கொடுத்தேன்.' கீழே இவள் முத்திரை."

மன்னன் ஓலையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "முத்திரை பேசுகிறது. நீ ஏன் கத்துகிறாய்?"

"உசிரோட நிக்கிற என்னை விட்டுட்டுச் செம்பைக் கேக்குறீங்களே, இது அடுக்குமா? நான் சீராயி இல்லேன்னா வேற யாரு?"

"அதை நீதான் சொல்ல வேண்டும்" என்றார் தாண்டவராயர். சபை சிரித்தது. காவலர்கள் அவளை வெளியே தள்ளினார்கள்.

வாசலில் நல்லாதனார் வந்து சேர்ந்தார். "அம்மா, உன் முத்திரையை யாரிடமாவது கொடுத்தாயா?"

"போன வாரம் அரண்மனை ஆளுன்னு ஒருத்தன் வந்தான். முத்திரையைச் சரிபாக்கணும்னான். தலைப்பாகையைப் பாத்து நம்பிட்டேன், யாரு எவருன்னு கேக்கலை. மரத்தடிக்குக் கொண்டு போயிட்டு, சித்த நேரத்துல திருப்பிக் கொடுத்துட்டான்." தலையில் அடித்துக்கொண்டாள். "கேட்டிருக்கணும்!"

"கேட்டிருக்க வேண்டும்தான். ஆனால் உன் தப்பு ஒரு பங்கு, முகம் பார்க்காத சட்டத்தின் தப்பு ஒன்பது பங்கு. அவன் செய்ததை நாளைக்கு நீ மன்னரிடம் செய்வாயா? பிடிபட்டால் இருவர் தலையும் போகும்."

"பேரே போயிருச்சு. தலையை வச்சு என்ன பண்ண? செய்யுறேன்."

மறுநாள் மன்னன் சொக்கட்டான் ஆடிக்கொண்டிருந்தான். சீராயி தாம்பாளத்தை நீட்டினாள். "பொற்கொல்லர் வீட்டிலேருந்து வர்றேன். மோதிரத்துக்கு மெருகு போடணுமாம்."

காயை விட்டுக் கண்ணெடுக்காமல் ராஜமுத்திரை மோதிரத்தைக் கழற்றிப் போட்டான். அரை நாழிகையில் அது மெருகோடு திரும்பி வந்தது.

அடுத்த நாள் நிறைந்த சபை. நாவிதர் கத்தியும் கிண்ணமுமாக வந்து வணங்கி, நல்லாதனாரிடம் ஓர் ஓலையைக் கொடுத்தார். அமைச்சர் வாசித்தார்: "'மன்னர் மீசையை இன்று சபையில் மழிக்க. அவரே மறுத்தாலும் விடாதே.' கீழே ராஜமுத்திரை."

மன்னன் மீசையைப் பொத்திக்கொண்டு குதித்தான். "நான் எழுதவில்லை!"

"முத்திரை பேசுகிறதே, மன்னா" என்றார் நல்லாதனார்.

"நான்தானய்யா மன்னன்! உயிரோடு நின்று சொல்கிறேன்!"

"வாய்ச்சொல் செல்லாது என்பது தங்கள் சட்டம்."

மன்னனின் தயவைப் பிடிக்க இதுதான் சமயமென்று தாண்டவராயர் முந்திக்கொண்டார். "நம்பாதீர்கள், மன்னா! மெழுகில் முத்திரையை ஒற்றி எடுத்தால் போலி தயார். இதென்ன பெரிய வித்தையா?"

"சீராயி வழக்கில் இந்த வித்தையை நீங்கள் சொல்லவேயில்லையே, ஓலைநாயகமே?" என்றார் நல்லாதனார்.

காவலர்கள் தாண்டவராயரின் மைத்துனனைப் பிடித்து வந்ததும் அவன் எல்லாவற்றையும் கக்கிவிட்டான்.

"சரி, என் மோதிரத்தை ஒற்றியது யார்?" என்று மன்னன் உறுமினான்.

சீராயி முன்னால் வந்தாள். "நான்தான், ராசா. பொற்கொல்லர் வீட்டு ஆளா வந்தேன். அதுக்கு முந்தின நாள் இதே சபையில தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு தடவையாவது என் முகத்தைப் பாத்திருந்தா, 'அவதானே நீ'ன்னு கேட்டிருப்பீங்க."

மன்னன் அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு நாவிதரைக் கூப்பிட்டு, "வந்த கத்தி சும்மா போக வேண்டாம்" என்று தாண்டவராயரைக் காட்டினான். அவர் மீசையும் போனது, பதவியும் போனது. ஆளை நேரில் விசாரிக்காத ஓலை செல்லாது, அரண்மனைப் பெயரைச் சொல்லி எவன் கேட்டாலும் முத்திரையைக் கொடுக்காமல் அரண்மனைக்கே வந்து கேள் என்று அன்றே தண்டோரா போட்டார்கள்.

"உனக்கு ஒரு ஊரையே தருகிறேன்" என்றான் மன்னன்.

"என் துறை வந்தாப் போதும். ஆனா நான் நானில்லேன்னு ஊரே சிரிச்சுதே, அதை யாரு துடைப்பா?"

மன்னன் எழுந்து ஆற்றங்கரைக்கு நடந்தான். கூடிய ஜனத்தின் முன்னால், "இவள்தான் சீராயி. தப்புச் செய்தவன் நான்!" என்றான்.

சீராயி இடுப்பில் கைவைத்தபடி நின்றாள். "அக்கரைக்குக் கேக்கலை, ராசா. இன்னும் சத்தமா."

மன்னன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.