இரைப்பு மடத்துச் சாவிக்காரர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கில் கரையான் புற்று வைக்கட்டும்.

மலையடிவாரத்தில் ஒரு மடம். பஞ்சாலையில் நெஞ்சு கெட்டவர்கள் வந்து தங்குவார்கள். எல்லோரும் ஒன்றாக மூச்சிரைத்தால் கூரை ஓடு எழுந்து உட்காரும். மடத்தின் குரு பஞ்சுச் சாமி. அவரும் பழைய ஆலைக்காரர்தான்.

சீடர் அவிநாசியப்பனுக்கும் குருவின் வயதுதான். யாரோ ஒருவர் இரைப்புக்கு வாயில் அடிக்கும் மருந்துப் பம்பை ஒரே நாளில் அடித்துத் தீர்த்தாராம். அன்றிலிருந்து எல்லாப் பம்பும் அலமாரிக்குள். சாவி அவிநாசியப்பன் இடுப்பில். யாருக்கு இரைத்தாலும் அவரே ஓடுவார், அவரே குலுக்குவார், அவரே வாயில் வைத்து அடிப்பார். சர்க்கரை மாத்திரையைக்கூட அவர்தான் நாக்கில் வைக்க வேண்டும். மனிதர் நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டார்.

ஒரு காலை, மடத்தில் தங்கியிருந்த ரங்கண்ணன் ஊருக்குப் போக மஞ்சள் பையோடு வந்து நின்றார். மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம்.

“தனியாக அனுப்ப மாட்டேன். கூட வர எனக்குத் தெம்பில்லை,” என்றார் அவிநாசியப்பன்.

ரங்கண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. இருவரும் குருவிடம் போனார்கள்.

“சாமி, இவர்கள் எப்போதுதான் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்?” என்று கேட்டார் அவிநாசியப்பன்.

சாமி ரங்கண்ணனைப் பார்த்தார். “இரைத்தால் என்ன செய்வாய்?”

“அவிநாசியண்ணனைக் கூப்பிடுவனுங்க.”

“முகூர்த்த நேரத்தில் இரைத்தால்?”

“சத்தமாக் கூப்பிடுவனுங்க.”

சாமி சாவியை வாங்கி ரங்கண்ணனிடம் கொடுத்தார். அலமாரிக்குப் போய்ப் பம்பை எடுத்து வருவதற்குள் ரங்கண்ணனுக்கு இரைத்துவிட்டது. அவிநாசியப்பன் எழப் பார்த்தார். சாமி அவர் வேட்டி நுனிமேல் நகர்ந்து உட்கார்ந்தார்.

ரங்கண்ணன் அவசரத்தில் அடித்தார். மருந்து மீசைக்குப் போயிற்று.

“ஐயோ, குலுக்கலையே!”

“சும்மா இரு,” என்றார் சாமி. “ரங்கா, இவன் எப்படிச் செய்வான்? பார்த்திருக்கிறாயல்லவா?”

ரங்கண்ணன் தலையாட்டினார். தூணில் சாய்ந்தார். குலுக்கினார். மூச்சை வெளியே விட்டார். பம்பை உதட்டில் கவ்வி, அழுத்தியபடி மெல்ல இழுத்தார். அடக்கினார். சுடுகாப்பியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து விட்டார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு தணிந்தது.

“அட, நானேதானுங்க!” என்று சிரித்தார்.

பஸ் ஹாரன் அடித்தது. பம்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, நின்று நின்று நடந்து, ஏறிப் போய்விட்டார்.

அவிநாசியப்பன் வேட்டியை வெடுக்கென்று இழுத்தார். “விடுங்கள் சாமி! ஓடிப்போய் நானும் ஏறிக்கொள்கிறேன். வழியில் அவருக்கு இரைத்தால்?”

“அவனுக்கு இரைப்பு நின்று நேரமாயிற்று,” என்றார் சாமி. “நீ ஏன் இன்னும் இரைக்கிறாய்?”

பதில் சொல்ல வாயைத் திறந்த அவிநாசியப்பன், திறந்த வாயோடு தூங்கிப்போனார்.

இதைச் சொன்னது யாரென்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். அவிநாசியப்பன் சண்டைக்கு எழுந்து வந்துவிடுவார், பாவம், தூங்கட்டும்.