குழி கொள்ளும் நெய்

"அளவாச் சாப்பிடுங்கன்னு டாக்டர் சொல்றார். அளவுன்னா எவ்வளவு தாயே? அதை மட்டும் சொல்ல மாட்டேங்கிறார்!"

மரகதவல்லி வந்து நின்றபோது குரு யோகாம்பாள் ஆசிரமச் சமையற்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

குருவுக்குச் சிஷ்யையைவிடப் பத்து வயது குறைவு. ஆசிரமத்தில் யாரும் அதை நினைப்பதில்லை. மரகதவல்லியும் கோபம் வரும்போது மட்டும்தான் நினைப்பாள்.

"சர்க்கரை எட்டிப் பார்க்குதாம். போன மாசம் கொழுப்புதான் எதிரின்னாங்க. எண்ணெய், நெய் எல்லாத்தையும் விட்டேன். பசி தாங்காம சோத்தை மலையாக் குவிச்சேன். இந்த மாசம் சோறுதான் எதிரின்னாங்க. சோத்தை விட்டுட்டு நெய்யிலேயே முங்கினேன். நேத்து பந்தியில ரசவாளியோட மயங்கி விழுந்தேன்."

"பார்த்தேன். நல்ல ரசம். பாதி தரைக்குப் போச்சு."

"சிரிக்காதீங்க தாயே. மகளுக்கு அடுத்த மாசம் பிரசவம். 'மயக்கம் நிக்கட்டும்மா, அப்புறம் வா. குழந்தையைக் கீழே போட்டுடுவே'ன்னு சொல்லிட்டா."



யோகாம்பாள் கீரையைத் தள்ளி வைத்தாள்.

"மதியம் பந்தியில உட்காருங்க. இன்னிக்கு நான் பரிமாறுறேன்."

அந்த ஆசிரமத்தில் இலை போட்டால் பேச்சு கிடையாது. கையைக் குவித்தால், இன்னும் வேண்டும். இலைமேல் விரித்தால், போதும்.

குரு வந்து சோறு வைத்தாள். மலை மாதிரி.

பின்னால் குழம்பு வரவில்லை. பருப்பு வரவில்லை. மரகதவல்லி கையைக் குவித்தாள்.

குரு இன்னும் சோறு வைத்தாள்.

நாலு வாய் இறங்கியது. ஐந்தாவது தொண்டையில் நின்றது.

குரு அந்த இலையை எடுத்துவிட்டு வேறு இலை போட்டாள். அதில் உருக்கிய நெய்யை ஊற்றினாள். நெய் மட்டும்.

நெய் இலை முழுக்கப் பரவியது. நரம்போடு வழுக்கிக்கொண்டு மடியை நோக்கி வந்தது. மரகதவல்லி இரண்டு கையாலும் அணை கட்டப் பார்த்தாள். விரலிடுக்கில் நழுவியது.

"சோறு வைங்க தாயே, ஓடுது!"

பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பேசுகிறவர்களை 'உஷ்' என்று அடக்குகிறவளே அவள்தான்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

குரு மூன்றாவது இலையைப் போட்டாள். சோற்றுப் பானை, பருப்பு, கீரை, நெய்க்கிண்ணம் எல்லாவற்றையும் அவள் முன்னாலேயே வைத்தாள். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

மரகதவல்லி ஒரு கை சோறு எடுத்தாள். எப்போதும்போல நடுவில் குழி பறித்தாள். பருப்பை விட்டாள். ஒரு கரண்டி நெய் விட்டாள். குழி நிறைந்தது.

இன்னொரு கரண்டியைச் சாய்க்கப் போனவள் சோற்றின் கரையைப் பார்த்தாள். கரண்டியைக் கிண்ணத்திலேயே போட்டுவிட்டாள்.

இலையில் இடம் நிறையக் கிடந்தது. அங்கே கீரையை வைத்தாள்.

பிசைந்து ஒரு வாய் போட்டாள். வழுக்கிக்கொண்டு இறங்கியது. அடுத்த வாயை மெதுவாக மென்றாள். அவசரம் ஏதும் இல்லை என்று பட்டது.

இலை காலியாகும்போது குரு நெய்க்கரண்டியைத் தூக்கினாள். மறு கையில் சோற்றுக் கரண்டி. புருவத்தை உயர்த்தினாள்.

மரகதவல்லி யோசிக்கவில்லை. கை தானாக இலைமேல் விரிந்தது.

குரு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, பந்தி முடியும் முன்பே வாய் திறந்தாள்.

"மகள் வீட்டுக்கு எப்போ கிளம்புறீங்க?"