பச்சை விளக்கு சிமிட்டவில்லை

ஏழுமடைக்காரர்கள் சொன்ன பேச்சைத் தட்டமாட்டார்கள். அதுதான் அந்த ஊரின் பெருமை. அந்த ஊரைப் பிடித்த கேடும் அதுதான்.

அங்கே நல்லப்பன் என்று ஒருவன், நூல் மில் வேலையை உதறிவிட்டுக் காடை வளர்ப்பில் இறங்கினான். குஞ்சு பொரிக்க ஒரு பெட்டி. உள்ளே சூட்டுக்குக் குண்டு பல்புகள். பல்புகளை ஏற்றி அணைக்க, சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டர் போர்டு. ஈரோட்டில் கடை வைத்திருக்கும் தில்ஷாத் என்ற பெண் மாட்டிக் கொடுத்தது. கூடமாட ஒத்தாசைக்கு மச்சான்கள் குழந்தையனும் ராக்கியண்ணனும். மூன்று தலையையும் சேர்த்தால் அரைத் தலை தேறும், அதுவும் நல்ல நாளில்.

முதல் ஈட்டு முட்டை மறுநாள் பொரிக்க வேண்டும். "குஞ்சு வரலீன்னா பேசாம மில்லுக்கே போயிருங்க" என்று பெண்டாட்டி வேலாத்தாள் சொல்லிவிட்டாள். மில் பக்கம் போகும் பஸ்ஸில்கூட நல்லப்பன் ஏறமாட்டான்.

அன்றைக்கு ஆயுத பூஜை. பொரிகடலையைத் தின்று முடித்துவிட்டு வந்து பார்த்தால், பெட்டி இருட்டாகக் கிடக்கிறது. போர்டு எழுந்திருக்கவில்லை. நல்லப்பன் அலறியடித்துக்கொண்டு தில்ஷாத்துக்குப் போன் போட்டான்.

"சிவப்பு லைட் எரியுதாண்ணா?"

"எரியுதுங் அம்மிணி."

"பக்கத்துல பச்சை சிமிட்டுதான்னு நல்லா உத்துப் பாருங்க."

குழந்தையன் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தான். "சிமிட்டலீங்."

ராக்கியண்ணனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏப்பா, நீ கண்ணைச் சிமிட்டறப்ப அதுவும் சிமிட்டியிருந்தா?"

"அது ஒண்ணு இருக்குதல்லோ!" என்றான் குழந்தையன் திகிலோடு.

கலந்து பேசினார்கள். நல்லப்பன் ஒரு இமையையும் ராக்கியண்ணன் மறு இமையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். குழந்தையனுக்குக் கண்ணில் நீர் கொட்டியதே தவிர, பச்சை சிமிட்டவில்லை.

"சரிண்ணா. போர்டுல செருகியிருக்கிற எல்லாத்தையும் கழட்டுங்க. அப்புறம் ஒண்ணொண்ணா மாட்டிப் பாருங்க" என்றாள் தில்ஷாத்.

எல்லாவற்றையும் கழட்டினார்கள். போர்டை எழுப்பும் நகத்தளவு மெமரி கார்டை மாட்டினார்கள், பார்த்தார்கள், கழட்டினார்கள். கரண்ட் ஒயரை மாட்டினார்கள், பார்த்தார்கள், கழட்டினார்கள். பல்பு ஒயருக்கும் அதே மரியாதை.

"மாமா, எல்லாத்தையும் சேத்து மாட்டினா என்ன?" என்றான் குழந்தையன்.

"அம்மிணி என்ன சொல்லுச்சு? ஒண்ணொண்ணாத்தானே? மூணையும் மாட்டினா அது மூணுடா!"

குழந்தையன் வெட்கப்பட்டுப் பின்வாங்கினான். நல்லப்பன் போனை எடுத்தான். "அம்மிணி, இப்ப சிவப்பும் எரியலீங்."

தில்ஷாத் பெருமூச்சு விட்டாள். "புதுசா எதாச்சும் பண்ணினீங்களாண்ணா?"

"அய்யய்யோ, புதுசா ஒண்ணுமே பண்ணலீங்!"

"நானே வர்றேன். அதுவரைக்கும் முட்டையைப் பாத்துக்குங்க."

மூவரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து முட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வேலாத்தாள் தலையிலடித்துக்கொண்டு, பாட்டில்களில் சுடுதண்ணீர் நிரப்பி முட்டைகளுக்கு நடுவே வைத்தாள். கையோடு பரணிலிருந்து மில் சட்டையையும் எடுத்து உதறிப் போட்டாள். நல்லப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது.

தில்ஷாத் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். நேராக மெமரி கார்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்தில், கரண்ட் தொடுகிற பொன்னிறக் கோடுகளின் மேல், அப்பிய சந்தனம். நடுவில் லட்சணமாகக் குங்குமம்.

"என்னண்ணா இது?"

"ஆயுத பூசைங் அம்மிணி. மோட்டாரு, மண்வெட்டி, தராசு எல்லாத்துக்கும் வெச்சோம். இத மட்டும் விட்டா பாவம், ஏங்கிப் போயிருமல்லோ?"

"புதுசா ஒண்ணும் பண்ணலைன்னீங்களே!"

"பூசை வருசா வருசம் பண்றதுதானுங்களே!"

தில்ஷாத் துப்பட்டா நுனியை எடுத்தாள். கார்டை நன்றாகத் துடைத்து, எல்லாவற்றையும் சேர்த்தே மாட்டினாள். குழந்தையன் தன் இமைகளைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டான். பச்சை சிமிட்டியது. பல்புகள் எரிந்தன.

மறுநாள் பெட்டிக்குள் ஒரே கீச்சுக் கீச்சு. நல்லப்பன் ஒரு குஞ்சைக் கையில் ஏந்திக்கொண்டு தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தான். மில் சட்டை பரணுக்குத் திரும்பியது. தில்ஷாத் போனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "இனிமே அந்தக் கார்டு மேல சந்தனம், குங்குமம், தண்ணி, தூசி எதுவுமே படக்கூடாது. சத்தியம் பண்ணுங்க."

நல்லப்பன் குஞ்சின் தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

அடுத்த வாரமே மறுபடி போன். "அம்மிணி, போர்டு எந்திரிக்க மாட்டேங்குது. ரெண்டாவது ஈடு வெச்சிருக்கறமுங். வேலாத்தா பரண்ல ஏறிட்டிருக்கறா!"

"மறுபடியும் சந்தனமா?"

"சேச்சே! சந்தனமென்னங், இனி மழையே பேஞ்சாலும் அது மேல ஒரு சொட்டுப் படாது. டவுனுக்குக் கொண்டுபோயி, ஆதார் அட்டையாட்டம் கார்டை லேமினேசன் பண்ணியாச்சுங்."

மறுமுனையில் ஸ்கூட்டர் சாவி எடுக்கும் சத்தம் கேட்டது.

"ஒரே ஒரு சந்தேகமுங். கார்டு இப்ப உள்ள போக மாட்டேங்குது. குழந்தையன் ரம்பத்தோட நிக்கறான். போர்டோட வாயை எந்தப் பக்கம் அறுத்துப் பெருசாக்கறதுங்?"